கேட்கவும் ஓர் ஊர் வேண்டும்: மதுரைச் சங்கீத சபையோர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாட்டுத்தாவணி, மதுரை
31 டிசம்பர் 2025 (விசுவாவசு வருஷம், மார்கழி 16)

மதுரை மாநகரில் சங்கீத சபைகளை நடத்திவரும் காரியதரிசிகளுக்கும், நிர்வாகக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும், அச்சபைகளின் முன்வரிசை நாற்காலிகளில் வெகுகாலமாக அமர்ந்து, தொடையில் தாளம் போட்டபடியே நம் ஊரின் சங்கீதத்தைக் காத்துவரும் பெரியோர்களுக்கும் இந்தச் சிறியவனின் நமஸ்காரம்.

மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். வயது இருபத்து நான்கு. ஒரு குருவின் முன் அமர்ந்து சங்கீதம் கற்கும் பாக்கியம் எனக்கு வாய்க்கவில்லை. ஜண்டை வரிசைக்கும் தாட்டு வரிசைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் விழிப்பேன். ஆயினும், கிடைத்த இடத்திலெல்லாம் கிடைத்ததைக் கேட்டு வளர்ந்தவன் என்ற ஒரே உரிமையைப் பற்றிக்கொண்டு, சென்ற பன்னிரண்டு மாதங்களில் நம் ஊர்ச் சங்கீதத்தைக் குறித்து என் மனத்தில் சேர்ந்தவற்றையும், நாளை பிறக்கப்போகிற 2026ஆம் ஆண்டில் உங்களிடமிருந்து எதிர்பார்ப்பவற்றையும் உங்கள் சமுகத்தில் வைக்கத் துணிகிறேன். தனித்தனியே எழுதினால் ஒரு சபைக்குச் சொன்னது மற்றொரு சபையின் மேல் குறை சொன்னதாகிவிடக்கூடும் என்பதால், எல்லோருக்கும் பொதுவாக இம்மடலைத் திறந்தே அனுப்புகிறேன்.

எங்கள் பேட்டைக்குச் சங்கீதம் எப்படி வந்து சேருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1999ஆம் ஆண்டில் பெரிய பேருந்து நிலையம் இங்கே அமைந்ததிலிருந்து மாட்டுத்தாவணிக்கு இரவென்றும் பகலென்றும் பேதமில்லை. நெல்லைக்கும் ராமநாதபுரத்துக்கும் திருச்சிக்கும் போகிற பேருந்துகளின் உறுமலுக்கு நடுவே தேநீர்க் கடைகளின் ஒலிபெருக்கிகளும், பக்கத்து ஆம்னி நிலையத்தில் புறப்படக் காத்திருக்கும் வண்டிகளின் பாட்டுப் பெட்டிகளும் ஓய்வதில்லை. மலர்ச் சந்தையோ விடியலுக்கு வெகுநேரம் முன்பே விழித்துவிடுகிறது. மார்கழிப் பனியில் செடி அரும்பு கட்டாமல் மல்லிகை வரத்துக் குறைந்து, விலை கிலோவுக்கு ஆயிரங்களில் ஏறி நிற்கிற இந்நாட்களில், நிலக்கோட்டை, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து மூட்டைகள் வந்து இறங்குகிற அதே வேளையில், சுற்றுவட்டக் கோயில்களின் ஒலிபெருக்கிகளில் எம்.எல். வசந்தகுமாரியின் திருப்பாவையும், அதற்குச் சற்றுத் தள்ளி டி.எம். சௌந்தரராஜனின் முருகன் பாடல்களும், எங்கள் கடை எடைத்தராசின் அருகே யாரோ ஒருவருடைய கைப்பேசியிலிருந்து இளையராஜாவும் ஒரே சமயத்தில் கேட்கும். மூட்டை தூக்குகிற அண்ணன்மார்கள் பாட்டின் சொற்களை மட்டுமல்ல, சரணத்துக்கு முன் வருகிற இடையிசையையும் வயலின் எழும் இடம், புல்லாங்குழல் நுழையும் இடம் என்று பிசகாமல் வாயாலே வாசித்துக்கொண்டு போவதை நான் தினமும் கேட்கிறேன். ராகங்களின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் ராகம் தெரியாது என்று எவரும் சொல்லிவிட முடியாது.

இந்தச் செவிகளோடுதான் நான் 2025ஆம் ஆண்டைக் கேட்டேன். ஜனவரி 9ஆம் தேதி பின்னணிப் பாடகர் பி. ஜெயச்சந்திரன் திருச்சூரில் காலமானார் என்ற செய்தி வந்தபோது, 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் அவர் பாடியதை அன்று முழுவதும் எங்கள் சந்தையிலும், வெளியே நின்ற மினி பஸ்களிலும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாதம் 25ஆம் தேதி அறிவிக்கப்பட்ட பத்ம விருதுப் பட்டியலில், அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானின் பெயர் பத்மஸ்ரீ விருதுக்குரியதாக இருந்தது. மார்ச் 8ஆம் தேதி லண்டன் மாநகரில் இளையராஜா தம் சிம்பொனியை ராயல் பில்ஹார்மானிக் குழுவினரைக் கொண்டு அரங்கேற்றினார். அவர் பிறந்த பண்ணைப்புரம் இன்று தேனி மாவட்டத்தில் இருந்தாலும், அவர் பிறந்த காலத்திலும் வளர்ந்த காலத்திலும் அது மதுரை ஜில்லாவே. ஜூன் மாதத்தில், நமக்கு அண்டையிலுள்ள சிவகங்கைச் சீமையின் கொல்லங்குடி கருப்பாயி, வானொலியிலும் 'ஆண் பாவம்' படத்திலும் தம் மண்ணின் பாட்டைக் கேட்கச் செய்த அம்மூதாட்டி, மறைந்தார். செப்டம்பர் 13ஆம் தேதி இளையராஜாவின் ஐம்பது ஆண்டுத் திரையிசை வாழ்வுக்குத் தமிழக அரசு சென்னையில் பாராட்டு விழா எடுத்தது. இந்த மார்கழியில் சென்னை மியூசிக் அகாடமியின் மாநாட்டில் வயலின் வித்வான் ஆர்.கே. ஸ்ரீராம்குமார் சங்கீத கலாநிதிப் பட்டத்துக்கு உரியவராக வீற்றிருக்கிறார்.

இந்த வரிசையைத் திரும்பிப் பார்க்கும்போது எனக்கு ஒன்று உறுத்துகிறது. பறைக்கு விருது டில்லியில் கிடைத்தது. சிம்பொனி லண்டனில் ஒலித்தது. பாராட்டு சென்னையில் நடந்தது. நம் மண்ணில் விளைந்த கலைகளின் பெருமையான நாட்களையெல்லாம் நாம் பத்திரிகையில் வாசித்தும் கைப்பேசியில் பார்த்தும் மகிழ்ந்தோமே அன்றி, மதுரையில் ஓர் அரங்கத்தில் கூடியமர்ந்து கொண்டாடும் சந்தர்ப்பம் என்னைப் போன்றவர்களுக்கு வாய்க்கவில்லை.

இது இந்த ஆண்டில் புதிதாக வந்த குறையன்று என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். மேல அனுமந்தராயன் கோவில் தெருவில் வீணை ஷண்முகவடிவின் மகளாக 1916ஆம் ஆண்டு பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி, தம் இருபதாவது வயதில் சென்னைக்குக் குடிபெயர்ந்து, 1966ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையில் பாடி, 1968ஆம் ஆண்டு சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்ற முதல் பெண்மணியாகி, 1998ஆம் ஆண்டு பாரத ரத்னமும் ஆனார். 1959ஆம் ஆண்டின் சங்கீத கலாநிதியான மதுரை மணி அய்யரும், தொண்டை நரம்பு புடைக்கப் பாடிச் சபையைக் கட்டிப்போட்ட மதுரை சோமுவும், இந்நகரில் பிறந்து தமிழ்த் திரையின் குரலாகவே நிலைத்துவிட்ட டி.எம். சௌந்தரராஜனும், 2006ஆம் ஆண்டின் சங்கீத கலாநிதியான மதுரை டி.என். சேஷகோபாலனும் நம் ஊரின் கீர்த்தியைத் தாங்கியவர்களே; ஆனால் அவர்களுடைய கியாதி பரவிய களம் பெரும்பாலும் சென்னையாகவே இருந்தது. 1927ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த சங்கீத மாநாட்டின் பயனாக அடுத்த ஆண்டே மியூசிக் அகாடமி பிறந்ததும், இசைத்தட்டுக் கம்பெனிகளும் வானொலியும் சினிமா ஸ்டூடியோக்களும் அந்நகரத்திலேயே குவிந்ததும் இதற்குக் காரணங்கள். பிழைப்புக்கும் புகழுக்கும் வழி எங்கே இருக்கிறதோ அங்கே வித்வான்கள் போவது இயல்பு; அதற்காக அவர்களையும் நோவதற்கில்லை, சென்னையையும் நோவதற்கில்லை.

எங்கள் சந்தையை வைத்தே இதை விளக்க எனக்கு அனுமதி கொடுங்கள். 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகை சென்னைக்கும் போகிறது. விமானமேறிச் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போகிறது. ஆயினும் ஏற்றுமதிக்குப் போய்விட்டது என்பதற்காக நம் வீட்டுப் பெண்கள் தலையில் வைக்கப் பூவின்றி இருந்ததில்லை. முதல் தரமான சரக்கு உள்ளூரிலும் விற்கும், உள்ளூரார் அதைத் தரம் பார்த்தே வாங்குவார்கள். சங்கீதத்தில் மட்டும் ஏற்றுமதி தழைத்த அளவுக்கு உள்ளூர் உபயோகம் தழைக்கவில்லை என்பதே என் வருத்தம்.

உங்கள் பிரயத்தனங்களை நான் அறியாதவனல்லேன். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் தியாகராஜ சங்கீத வித்யாலயத்தை நடத்தியது இந்நகரில். சங்கரதாஸ் சுவாமிகள் 1918ஆம் ஆண்டு பால நடிகர்களைக் கொண்டு நாடக சபை தொடங்கியதும் இங்கேதான். சத்குரு சங்கீத சமாஜமும் லட்சுமி சுந்தரம் ஹாலும், தமிழிசைக்கு இடமளிக்கும் ராஜா முத்தையா மன்றமும், பசுமலையின் அரசு இசைக் கல்லூரியும் இன்றும் நம்மிடையே உள்ளன. அரசாங்கத்தின் பெரிய உதவியோ, வருவாய் என்று சொல்லத்தக்க எதுவுமோ இல்லாமல், அங்கத்தினர் சந்தாவையும் இரண்டொரு வியாபாரிகளின் தயாளத்தையும் நம்பி, வித்வானுக்கு ரயில் டிக்கெட் எடுப்பது முதல் தம்புரா மீட்டுகிறவருக்குக் காப்பி வாங்கிக் கொடுப்பது வரை தாங்களே செய்து வருஷந்தோறும் கச்சேரிகளை நடத்துகிறீர்கள். அதனாலேயே இந்த விண்ணப்பத்தை வேறெவருக்கும் அனுப்பாமல் உங்களுக்கு அனுப்புகிறேன்.

இவ்வாண்டில் ஒரு நாள், நகரத்துச் சபை ஒன்றில் கச்சேரி கேட்கப் போனேன். வாசலில் நின்ற ஒருவர், "தம்பி, நீங்க எந்த மெம்பர் வீட்டுப் பையன்?" என்று கேட்டார். எந்த மெம்பர் வீட்டுப் பையனும் அல்லேன் என்றதும், டிக்கெட் கொடுப்பதா, திருப்பி அனுப்புவதா என்று அவர் சற்றே தடுமாறிப்போனார். இதற்கு முன் அப்படியொரு சிக்கல் அவருக்கு நேர்ந்திருக்காது போலும். உள்ளே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். பாடகர் ஒரு ராகத்தை விஸ்தாரமாக எடுத்துக்கொண்டு கீழே இறங்கி மேலே ஏறிச் சஞ்சரிக்கத் தொடங்கினார். பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்து, "கல்யாணி, தம்பி" என்றார். "ஐயா, 'தாய் மூகாம்பிகை' படத்தில் ஜனனி என்று தொடங்குகிற பாட்டு மாதிரியே இருக்கே" என்றேன். அவர் என்னை ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அதுவும் கல்யாணிதானய்யா!" என்று சிரித்தார். அதன் பிறகு கச்சேரி முடிகிறவரையில் ஒவ்வொரு உருப்படிக்கும் ராகத்தையும் தாளத்தையும் இயற்றியவரையும் என் காதோடு சொல்லிக்கொண்டே இருந்தார். முன்பின் அறியாத ஒருவனுக்கு அந்தப் பெரியவர் செய்த உபகாரத்தைப் போல் எந்தக் கைப்பேசிச் செயலியும் எனக்குச் செய்ததில்லை.

வாசலில் நடந்ததும் நாற்காலியில் நடந்ததும் ஒரே சபையில், ஒரே மாலையில் நடந்தவை. முன்னது வழக்கமாகவும் பின்னது தற்செயலாகவும் இருக்கிற நிலையை மாற்றி, பின்னதை வழக்கமாக்கிவிட வேண்டும் என்பதே என் கோரிக்கை முழுவதற்கும் சாரம். நல்ல வித்வானைத் தேடி அழைத்து வருவது எப்படி உங்கள் கடமையோ, அப்படியே நல்ல ரசிகனைத் தேடி அழைத்து வருவதும், வந்தவனுக்குச் சொல்லிக் கொடுத்து நிலைக்கச் செய்வதும் உங்கள் கடமை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

இந்த விஷயத்தை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சினிமாப் படம் நம் முன் எடுத்துப் பேசியது. 1985ஆம் ஆண்டு கே. பாலசந்தர் எடுத்த 'சிந்து பைரவி'யில், சபையார் போற்றும் ஒரு பெரிய பாடகரை நோக்கி, பாமர ஜனங்களுக்குப் புரிகிற பாஷையில் ஏன் பாடுவதில்லை என்று கூட்டத்திலிருந்து ஒரு பெண் கேட்கிறாள். அவளுக்காக இளையராஜா அமைத்த பாட்டு, நாட்டுப்புற மெட்டாகத் தொடங்கிச் சாரமதி ராகத்தில் நடந்து, வழக்கமாகக் காம்போதியில் பாடப்படும் தியாகராஜ சுவாமிகளின் ஒரு கிருதியையே சாரமதியில் ஏந்திக்கொண்டு போய் முடிகிறது. அதற்கு இசையமைத்தவருக்கும், பாடிய கே.எஸ். சித்ராவுக்கும் தேசிய விருது கிடைத்தது. சம்பிரதாயத்தில் ஊறியவர்களில் சிலருக்குக் கிருதியின் ராகத்தை மாற்றியது சம்மதமாயிராது. அந்த வாதத்துக்குள் புக எனக்குத் தகுதியில்லை. எங்கள் சந்தையில் அந்தப் பாட்டை முழுவதும் பாடக்கூடியவர்கள் இருக்கிறார்கள் என்பதையும், தாங்கள் ஒரு தியாகராஜ கிருதியைப் பாடுகிறோம் என்பதை அவர்களுக்கு இதுவரை எவரும் சொல்லவில்லை என்பதையும் மட்டும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். பாதி வழி வந்துவிட்டவர்களை மீதி வழி அழைத்துவர ஓர் ஆள் இல்லை.

நிற்க. வருகிற ஆண்டில் நீங்கள் செய்யத்தக்கவை என்று என் சிற்றறிவுக்குத் தோன்றுபவற்றை இனிச் சொல்கிறேன்.

முதலாவது, நேரம். நம் சபைகளில் கச்சேரி மாலை ஆறு மணியை ஒட்டித் தொடங்குவது, காரியாலயத்திலிருந்து ஐந்து மணிக்கு வீடு திரும்பி முகம் கழுவிக்கொண்டு வருகிறவர்களின் சௌகரியத்துக்காக ஏற்பட்ட ஏற்பாடு. நள்ளிரவு கழிந்ததும் எழுகிற பூச்சந்தைக்காரனும் காய்கறிச் சந்தைக்காரனும் அந்நேரம் படுக்கையை விரித்துக்கொண்டிருப்பான். அவனுக்கு ஓய்வு பிற்பகலில். மேலூரிலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் வந்து படிக்கிற கல்லூரி மாணவர்களோ கடைசிப் பேருந்தை நினைத்துத் துக்கடாக்களுக்கு முன்பே எழுந்துவிட வேண்டியிருக்கிறது. மாதத்தில் ஒரு முறையேனும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கச்சேரி வைத்துப் பாருங்கள். அந்த அறிவிப்பை அங்கத்தினர்களின் வாட்ஸாப் குழுவோடு நிறுத்திவிடாமல், மாட்டுத்தாவணியிலும் பெரியார் பேருந்து நிலையத்திலும் சுவரொட்டியாக ஒட்டுங்கள். சினிமாவுக்கும் அரசியலுக்கும் காதணி விழாவுக்கும் ஆளுயரச் சுவரொட்டி ஒட்டுகிற ஊரில், சங்கீதத்துக்கு ஒரு முழச் சுவரொட்டி ஒட்டினால் அபசாரமாகாது.

இரண்டாவது, கச்சேரிக்கு முன் கால்மணி நேரம். அன்று பிரதானமாகப் பாடப்போகிற ராகம் எது, அதன் அடையாளமான பிடிகள் எவை, எல்லோரும் அறிந்த எந்தெந்தத் திரைப்பாட்டுகளில் அது ஒலிக்கிறது என்பதை, தெரிந்த ஒருவர் எளிய தமிழில் பாடிக் காட்டினால் போதும். 1977ஆம் ஆண்டு 'கவிக்குயி'லில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய பாட்டைச் சொல்லிவிட்டு ரீதிகௌளையைத் தொடங்கினால், அரைமணி நேர ஆலாபனையில் எங்கள் பேட்டை இளைஞன் எந்த இடத்திலும் வழி தவற மாட்டான்.

மூன்றாவது, நாகஸ்வரம். 1968ஆம் ஆண்டு வெளிவந்த 'தில்லானா மோகனாம்பா'ளில் சிவாஜி கணேசன் வாசிப்பதாக நாம் கண்டு மயங்கிய நாகஸ்வரம், மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுச்சாமி சகோதரர்களுடையது. அவர்களுடைய பாட்டனார் மதுரை பொன்னுச்சாமிப் பிள்ளை, வாசிப்பில் மேதையாக இருந்ததோடு 'பூர்வீக சங்கீத உண்மை' என்ற ஆராய்ச்சி நூலை 1930ஆம் ஆண்டு வெளியிட்டவர். இவ்வளவு பெரிய பரம்பரைக்கு உரிய ஊரில் இன்று நாகஸ்வரத்துக்குக் கிடைக்கிற இடம் எது? முகூர்த்த நாட்களில் திருப்பரங்குன்றத்து மண்டபங்களில் வித்வான் அருமையாக ஒரு தோடியை எடுத்து வளர்க்கும்போது, சாப்பாட்டுப் பந்திக்கு ஆள் கூப்பிடுகிற குரல் அதை மூடிவிடுகிறது. "கெட்டிமேளம்" என்ற கையசைப்புக்காக ராகத்தைப் பாதியில் வெட்டிக்கொண்டு அவர் நிறுத்த வேண்டியிருக்கிறது. சபைகளிலோ விழாத் தொடக்கத்தில் மங்கல இசை என்ற பெயரில் சிறிது நேரம் வாசிக்கச் சொல்லி, நாற்காலிகள் நிரம்புவதற்குள் அனுப்பிவிடுகிறார்கள். மூன்று மணி நேரமும் அவருக்கே என்று ஒரு மாலையைக் கொடுங்கள்; மல்லாரியில் தொடங்கி ராகம், பல்லவி, தவில் தனி ஆவர்த்தனம் என்று முழுக் கச்சேரியாக வாசிக்கட்டும். ஒலிபெருக்கிக்குச் செலவில்லை என்பது பொக்கிஷதாரருக்கு ஓர் உபரி லாபம்.

நான்காவதாக, சபையின் மேடைக்கு இதுவரை ஏறாத வாத்தியங்களையும் பாட்டுகளையும் அழையுங்கள். பறைக்கு நாட்டின் தலைநகரம் மரியாதை செய்துவிட்டது. பக்கத்து ஊரான அலங்காநல்லூரிலிருந்து அதை நம் சபை மேடைக்கு அழைத்து வரும் தூரம் டில்லியைவிட அதிகமாக இருக்கலாகாது. பங்குனி சித்திரையில் கிராமத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிற வள்ளி திருமணத்தில், சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டுகளை ஆர்மோனியக்காரரின் பின்பாட்டோடு இன்றும் சுருதி சுத்தமாகப் பாடுகிற ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்களுடைய வர்ணமெட்டுகளில் எத்தனை ராகங்கள் எப்படி வாழ்கின்றன என்பதை, வித்வான் ஒருவர் பக்கத்திலிருந்து விளக்க ஒரு மாலை நடத்தினால், கற்றவர்களுக்கும் புதிதாகக் கற்க விஷயம் இருக்கும். நாட்டுப்புறப் பாடல்களைப் பாடியும் கற்பித்தும் 2018ஆம் ஆண்டு பத்மஸ்ரீ பெற்ற விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் அம்மையாரின் பணி மதுரையில் நடந்த பணி. கொல்லங்குடி கருப்பாயி போய்விட்ட இந்த ஆண்டில், எஞ்சியிருக்கிற தாலாட்டையும் நடவுப் பாட்டையும் ஒப்பாரியையும் பாடுகிறவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வதைத் தள்ளிப்போட நியாயமில்லை.

ஐந்தாவது, உங்கள் பரண்களில் தூங்குகிற நாடாக்கள். மணி அய்யரின் கச்சேரிகள் பல, அக்காலத்து ரசிகர்கள் சொந்தமாகப் பதிவு செய்து வைத்த புண்ணியத்தாலேயே இன்று எங்கள் செவிக்கு எட்டுகின்றன. சபைகளிலும் பழைய அங்கத்தினர் வீடுகளிலும் இருக்கிற ஸ்பூல் நாடாக்களும் கேசட்டுகளும் பூஞ்சை பிடித்துப் போவதற்குள் அவற்றைக் கணினியில் ஏற்றிவிட வேண்டும். இந்த வேலைக்குச் சம்பளமில்லாத ஆட்கள் வேண்டுமென்றால், பிற்பகல் வேளைகளில் நானும் என் நண்பர்களும் வரத் தயார்.

இவை எல்லாவற்றுக்கும் தோதாக, வருகிற ஆண்டே நமக்கு இரண்டு சந்தர்ப்பங்களைத் தாம்பூலத்தில் வைத்து நீட்டுகிறது. குஞ்சம்மாள் என்று வீட்டார் அழைத்த எம்.எஸ். சுப்புலட்சுமி, பத்து வயதுச் சிறுமியாகத் தம் முதல் இசைத்தட்டில் பாடியது 1926ஆம் ஆண்டில். அதற்கு 2026 நூறாவது ஆண்டு. இளையராஜாவின் 'அன்னக்கிளி' 1976ஆம் ஆண்டு மே மாதம் திரைக்கு வந்து, மதுரை ஜில்லாவின் வயற்காட்டுக் குரலைத் தமிழ்நாடு முழுவதும் பாடச் செய்தது. அதற்கு 2026 ஐம்பதாவது ஆண்டு. வீணை வாசித்த தாயின் மடியில் சங்கீதம் கற்ற ஒரு சிறுமியும், அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு மேடை மேடையாக ஆர்மோனியம் சுமந்த ஒரு சிறுவனும் ஒரே சீமையிலிருந்து புறப்பட்டார்கள் என்பதை நாம் ஒன்றுசேர்த்து நினைத்துப் பார்த்ததே இல்லை. மே மாதத்தில் ஒரு விழாவும், அம்மையாரின் பிறந்த நாளான செப்டம்பர் 16ஆம் தேதி ஒரு விழாவும் எடுங்கள். அவை இரண்டுக்கும் இரு தரத்து ரசிகர்களையும் சேர்த்து அழையுங்கள்.

ஜனரஞ்சகத்துக்கு இடங்கொடுத்தால் சங்கீதத்தின் சுத்தம் கெடும் என்று உங்களில் சிலர் அஞ்சக்கூடும். அவர்களுக்கு நம் ஊரின் திருவிளையாடலையே நினைவூட்டுகிறேன். வடதேசத்து வித்வான் ஹேமநாதனை வெல்லச் சொக்கநாதர் அரசவைக்குப் போகவில்லை. விறகு சுமந்து தெருவில் கூவி விற்று, களைத்தவர் போல ஹேமநாதன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சாதாரிப் பண்ணைப் பாடினார் என்கிறது புராணம். கேட்ட ஹேமநாதன், ஒரு விறகுக்காரனே இப்படிப் பாடினால் இந்நகரத்து வித்வான் எப்படிப் பாடுவான் என்று அஞ்சி இரவோடு இரவாக ஓடிப்போனான். தெருவில் நடமாடுகிறவனுக்கும் சங்கீதம் தெரிந்திருக்கும் என்று வெளியூரான் நம்பத்தக்க நிலையில் இந்நகரம் இருந்தது என்பதே அக்கதையின் அடிப்படை. சுத்தத்தைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. பாடுகிறவர் தாம் பாடுவதை ஓர் இழையும் தளர்த்த வேண்டாம். கேட்கிறவர்கள் வருகிற வாசலை மட்டும் சற்று அகலப்படுத்துங்கள் என்கிறேன்.

எங்கள் தரப்பில் நாங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. கைப்பேசியை அணைத்துவிட்டு உட்காருவோம்; கச்சேரியை முப்பது விநாடித் துணுக்காக வெட்டி உலவவிட மாட்டோம்; டிக்கெட்டுக்குப் பணம் வைத்து வாங்குவோம், இனாம் பாஸ் கேட்க மாட்டோம். மிருதங்க வித்வான் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனை நோக்கி எழுந்து போகிற பழக்கம் எங்கள் தலைமுறையில் பிறந்ததன்று என்பதை மட்டும் மிகுந்த பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

இவ்வளவையும் ஒரே ஆண்டில் செய்துவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆகையால், தை பிறப்பதற்குள் உங்கள் கமிட்டிகள் கூடும்போது இம்மடலை ஒரு தரம் வாசித்து, சொன்னவற்றுள் ஏதேனும் ஒன்றைத் தீர்மானமாக நிறைவேற்றி, தேதியும் குறித்து ஊரறிய அறிவித்துவிடுங்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்ற சந்தேகம் வருமானால், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் பிற்பகலில், டிக்கெட் வாங்குகிற எவரும் நுழையலாம் என்ற அறிவிப்போடு, ஒரு முழு நாகஸ்வரக் கச்சேரியை வையுங்கள். மாட்டுத்தாவணியிலிருந்து ஒரு வரிசை நாற்காலி நிரப்புவதற்கு நான் பொறுப்பு.

இப்படிக்கு,
உங்கள் பின்வரிசை ரசிகன்
மலர்ச் சந்தை, மாட்டுத்தாவணி